மொச்சை வேகலை, கறி கரையுது: எங்க தப்பு?

பாலக்கோட்டுல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "வெங்காயம், தக்காளி வதக்கி, ஆட்டுக்கறியும் ஊறவெச்ச காய்ஞ்ச மொச்சையும் ஒண்ணாப் போட்டு, புளி கரைச்சு ஊத்தி குக்கர்ல எட்டு விசில் விட்டேன். கறி நாரு நாராப் பிரிஞ்சுடுச்சு, மொச்சை மட்டும் கடக்கு கடக்குன்னு இருக்கு. ஏன்?"

அக்கா, விசில் மேல தப்பில்லை. புளியும் தக்காளியும் முதல்லயே உள்ள போயிடுச்சு, அதான். புளிப்பு இருக்கிற தண்ணியில மொச்சைத் தோல் இளகாது. இன்னும் நாலு விசில் விட்டாலும் கறிதான் கரையும்.

அடுத்தது தண்ணி. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணி நிறைய இடத்துல உப்புத்தண்ணி. பாத்திரத்துல வெள்ளையா படியுதே, அதுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து மொச்சையையும் இறுக்கிப் பிடிச்சுக்கும். ஊற வைக்கவும் வேக வைக்கவும் குழாயில வர்ற ஒகேனக்கல் காவிரித் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ எடுங்க.

அரைக் கிலோ எலும்புக்கறிக்கு காய்ஞ்ச மொச்சை 200 கிராம் போதும். ஒரு லிட்டர் தண்ணியில ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு கரைச்சு, 10லிருந்து 12 மணி நேரம் ஊறட்டும். உப்பு போட்டா வேகாதுன்னு சொல்லுவாங்க, ஊறும்போது போடுற உப்பு தோலை இளக்கத்தான் செய்யும். காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத்தண்ணியில தளதளன்னு 10 நிமிஷம் கொதிக்க விட்டு, அதையும் வடிச்சுடுங்க. கசப்பு இறங்கும், வயித்துக்கு ஆகாததும் போகும். மறுபடி தண்ணி வெச்சு, மூடி, சின்னத் தீயில தனியா வேகட்டும்.

வெந்துச்சான்னு பார்க்க ஒரு மொச்சையை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல நசுக்குங்க. மாவா வழிஞ்சா சரி. நடுவுல வெள்ளையா, கெட்டியா ஒரு புள்ளி நின்னா இன்னும் அரைமணி நேரம். போன வருஷத்து மொச்சைன்னா இன்னும் இழுக்கும். அதுக்கு மட்டும் ஊறவைக்கிறப்ப கால் டீஸ்பூன் சமையல் சோடா. அதுக்கு மேல போனா சோப்பு வாடை அடிக்கும்.

கறி தனிச் சட்டியில. நெஞ்செலும்பு, கழுத்து, முன்னங்கால் கேட்டு வாங்குங்க, வெறும் சதை வேண்டாம். மெதுவா வேகிறப்ப அந்த ஜவ்வுதான் கரைஞ்சு குழம்புக்குப் பிசுபிசுப்பு குடுக்கும். கடலை எண்ணெய் மூணு மேசைக்கரண்டி, பட்டை, கிராம்பு, சின்ன வெங்காயம் 150 கிராம், இஞ்சி பூண்டு விழுது ரெண்டு கரண்டி, அப்புறம் கறி. தண்ணி வத்துற வரைக்கும் வதக்குங்க, இதுல அவசரப்படாதீங்க. மல்லித்தூள் மூணு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒண்ணரை, மஞ்சள், உப்பு. சுடுதண்ணி முக்கால் லிட்டர். ஓரத்துல மட்டும் மெல்ல குமிழி வர்ற தீயில, இளங்கறின்னா ஒண்ணேகால் மணி நேரம், முத்தல்னா ரெண்டு மணி நேரம். தளதளன்னு கொதிச்சா சதை வறண்டு நாராகும்.

கறி முக்கால் பதம் வந்ததும், வெந்த மொச்சையை அதோட தண்ணியோடவே சேருங்க. அரைமணி நேரம் ரெண்டும் சேர்ந்து கிடக்கட்டும், அப்பதான் மசாலா உள்ள இறங்கும். மொச்சை அடியில உக்காந்து பிடிக்கும், அப்பப்ப அடியோட கிளறணும், கரண்டியால குத்தக்கூடாது. கடைசி 10 நிமிஷத்துல கால் மூடித் தேங்காயும் ஒரு ஸ்பூன் கசகசாவும் அரைச்ச விழுது, சின்ன நெல்லிக்காய் அளவு புளி. தக்காளி வேணும்னா தனியா வதக்கி இப்பதான் போடணும்.

மார்கழி, தையில பச்சை மொச்சை கிடைச்சா இந்தப் பாடெல்லாம் இல்லை. உரிச்சு நேரா கறிச்சட்டியில போட்டா 20 நிமிஷத்துல வெந்துடும்.

ராகிக்களிக்கு ஊத்தறதா இருந்தா கொஞ்சம் தண்ணியாவே இறக்குங்க. ஆற ஆற மொச்சை மாவு இழுத்து தானா கெட்டியாகிடும்.