வேலை பார்த்த இன்ஜின் ஏன் சூடாகிறது?

வணக்கம் நேயர்களே. இன்ஜினை இறக்கி, சிலிண்டரின் தேய்ந்த சுவரைக் கடைந்து ரீபோர் செய்து, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டு வண்டியை வெளியே எடுக்கிறீர்கள். புகை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் டெம்பரேச்சர் முள் மட்டும் நடுவில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. அப்படிப்பட்ட வண்டியில் கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வழக்கமாக என்ன நடக்கிறது என்றால், முதலில், தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள். அப்புறம் வாட்டர் பம்ப். அப்புறம் ரேடியேட்டர். மூன்றுக்கும் காசு கொடுத்த பிறகும் முள் அதே இடத்தில் நிற்கும். ஏனென்றால், வண்டி எந்த நேரத்தில் சூடாகிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதையும் விட முந்திய கேள்வி ஒன்று உண்டு. உண்மையிலேயே சூடாகிறதா? இன்ஜின் வேலையோடு சேர்த்து டெம்பரேச்சர் சென்சரையும் மாற்றியிருப்பார்கள். அது உங்கள் மீட்டருக்குப் பொருந்தாத சென்சராக இருந்தால், 90 டிகிரியைக்கூட முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் காட்டும். அதனால் தனியாக ஒரு முறை அளந்து பாருங்கள். ஸ்கேனர் செருக இடம் இருக்கிற வண்டி என்றால் வேலை சுலபம். பழைய வண்டி என்றால், தொடாமல் சூடு பார்க்கும் டெம்பரேச்சர் கன்னை தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூட்டின் மேல் காட்டுங்கள். பளபளப்பான அலுமினியத்தில் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பின் மேல் அளந்தால் சரியாக இருக்கும்.

எவ்வளவு சூடு சரி? பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகள் 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும். ஓடும்போது 85 முதல் 105 வரை இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பாதி கூலண்ட், பாதி தண்ணீர் கலந்து, ரேடியேட்டர் மூடி 1 பார் அழுத்தத்தைத் தாங்கினால், அந்தக் கலவை 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. புது இன்ஜினில் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் பழகும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் சூடு இருக்கத்தான் செய்யும். ஆனால் "புது டைட், ஓட ஓட சரியாகிவிடும்" என்ற பேச்சுக்கு ஓர் எல்லை உண்டு. 110-ஐத் தாண்டி மேலும் ஏறுகிற வண்டியை ஓட்டிச் சரிசெய்ய முடியாது.

இப்போது அந்த முக்கியமான கேள்விக்கு வருவோம். நின்றால் சூடாகி, வேகம் எடுத்தால் இறங்குகிறதா? அப்படியென்றால் காற்றுதான் போதவில்லை. ஃபேன் ஓடுகிறதா, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மின்சார ஃபேனின் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்திருந்தால் அது காற்றை எதிர்ப்பக்கம் தள்ளும். ரேடியேட்டரின் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள், ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டைத் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தாலும் இதே கதைதான்.

வேகத்தில் சூடாகி, நின்றால் இறங்குகிறதா? தண்ணீர் ஓட்டம் போதவில்லை. இங்கே ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தனித்தனியாக அளந்து பார்ப்பேன். மேலே கொதிக்கக் கொதிக்க இருந்து கீழே வெகுவாக ஆறியிருந்தால் தண்ணீர் மெதுவாகப் போகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, ரேடியேட்டர்தான் சூட்டை இறக்கவில்லை. ரேடியேட்டரின் முகத்தை அளக்கும்போது அங்கங்கே ஆறிய பட்டைகள் தெரிந்தால் உள்ளே குழாய்கள் அடைத்திருக்கின்றன. வேலை பார்த்த இன்ஜினில் இது அடிக்கடி நடக்கும். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கில் பல வருடமாகப் படிந்திருந்த துரு, கழுவும்போது இளகி, ஓட ஆரம்பித்ததும் நேராகப் பழைய ரேடியேட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இணைப்புகளில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கட் ஓரத்தில் தாராளமாகத் தடவிய சிலிக்கான் பசையும் அதோடு சேர்ந்துகொள்ளும். கீழ் ஹோஸை ஆக்சிலேட்டர் கொடுத்தபடி பாருங்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்க வேண்டிய ஹோஸில் அது இல்லையென்றால், பம்ப் இழுக்கும்போது ஹோஸ் சப்பிப்போகும்.

ஏற்றத்திலும் பாரத்திலும் மட்டும் சூடாகிறது, வண்டியின் இழுவையும் மந்தமாக இருக்கிறது என்றால் ரேடியேட்டரை விட்டுவிடுங்கள். டைமிங்கை, அதாவது தீப்பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். இதை நிறையப் பேர் நம்புவதில்லை. தீப்பொறி தாமதமாக விழுந்தால் எரிவதும் தாமதமாகவே முடிகிறது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம், எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியேறுகிறது. அந்த வழியைச் சுற்றி, சிலிண்டர்களுக்கு மேல் உட்காரும் ஹெட்டுக்குள் தண்ணீர் இருக்கிறது. வெப்பம் அந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறது. தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டர் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கலாம், அதன் வேக்குவம் ஹோஸை மாட்ட மறந்திருக்கலாம், டைமிங் செயினோ பெல்ட்டோ ஒரு பல் தவறியிருக்கலாம். டைமிங் லைட் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். இன்டேக் கேஸ்கட் வழியாகக் காற்று புகுந்து பெட்ரோல் கலவை மெலிந்திருந்தாலும் இதே மாதிரி சூடாகும்.

எந்த நேரம் என்றில்லாமல் எப்போதும் சூடாகிறதா? அங்கேதான் கழற்றி மாட்டிய கைகளைச் சந்தேகப்பட வேண்டும். இருப்பதிலேயே சுலபமானது ஏர் லாக், அதாவது தண்ணீர்ப் பாதையில் காற்று சிக்கிக்கொள்வது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, காற்று விடும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி நிற்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைத் தலைகீழாகப் போட்டிருக்கலாம். ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும். சிலர் அதைக் கழற்றியே எறிந்துவிடுவார்கள். பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டே மூடும்படி அமைந்த இன்ஜின்களில், அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றி, முன்பைவிட அதிகமாகச் சூடாகும். பெல்ட் ஓடும் விதம் மாறிய மாடல்களில் வாட்டர் பம்ப் எதிர்த்திசையில் சுற்றும்படி செய்யப்பட்டிருக்கும். உருவம் ஒன்றுபோலவே இருந்தாலும் ஒன்றுக்கு இன்னொன்றைப் போட முடியாது.

கடைசிச் சந்தேகம், ஹெட் கேஸ்கட். பல இன்ஜின்களில் தண்ணீர் பிளாக்கின் முன்பக்கம் நுழைந்து, பின்பக்கம் வரை போய், அங்கே ஹெட்டுக்கு ஏறித் திரும்ப முன்னால் வரும். அதற்குத் தகுந்தபடி கேஸ்கட்டின் ஒரு முனையில் ஓட்டைகள் பெரிதாக இருக்கும், மறுமுனையில் சிறிதாக இருக்கும். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் போல்ட் எல்லாம் அழகாக இறங்கும், எண்ணெய் ஒழுகாது. ஆனால் தண்ணீர் முன்னாலேயே மேலே ஏறிவிடும், பின் சிலிண்டர்களைச் சுற்றியிருப்பது அசையாமல் கிடந்து கொதிக்கும். ஃபோர்டின் சிறிய வி-8 இன்ஜின்களில் சரியாகப் போட்ட கேஸ்கட்டின் மூலை முன்பக்கம் வெளியே தெரியும், ஹெட்டைக் கழற்றாமலே பார்த்துவிடலாம். மற்ற பலவற்றில் கேஸ்கட்டின் மேலேயே எது முன்பக்கம், எது மேல்பக்கம் என்று அச்சடித்திருக்கும். வேலை பார்த்தவரிடம் அதைக் கவனித்தாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

கேஸ்கட் சரியான பக்கம் இருந்தும் கசியலாம். போல்ட் குழிக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும், ஹெட் மட்டும் இறுகியிருக்காது. வண்டி ராத்திரி முழுக்கக் குளிர்ந்த பிறகு காலையில் ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடத்துக்குள் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, ஆனால் ஹோஸ் கல் மாதிரி இறுகியிருக்கிறது என்றால், சிலிண்டர் வாயு உள்ளே வருகிறது. உறுதி செய்ய, ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல திரவம் கிடைக்கிறது. வாயு கலந்தால் மஞ்சளாக மாறும். கூலண்டை இரண்டு அங்குலமாவது இறக்கிவிட்டுச் செய்யுங்கள், அது குழாயில் ஏறிவிட்டால் சோதனை வீண்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுதாகத் திறந்து ஓரமாக ஒதுங்குங்கள், பிறகு இன்ஜினை அணையுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. எல்லாம் சரிசெய்த பிறகும் முதல் இரண்டு மூன்று நாள் காலையில், இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் அளவைப் பாருங்கள். மிச்சமிருந்த காற்று வெளியேறியதும் கொஞ்சம் இறங்கும், ஊற்றி நிரப்பலாம். அதற்குப் பிறகும் தினமும் இறங்கினால், அது போகிற இடத்தைத் தேட வேண்டியதுதான்.

நன்றி, வணக்கம்.