அம்மாவுக்குச் சோதனை இல்லையாம்

(ரொறொன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் முதியோர் ஒன்றுகூடல் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமாரே, அண்ணாமாரே, வணக்கம்.

கனடாக் குடியுரிமை கேட்பவர் 18க்கும் 54க்கும் இடைப்பட்ட வயதென்றால் சோதனை எழுதவேண்டும். 20 கேள்வியில் 15 சரிவரவேண்டும். ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியும் என்றும் காட்டவேண்டும். 55 ஆகிவிட்டால் இரண்டும் வேண்டாம். "அம்மாவுக்குச் சோதனை இல்லையாம்" என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கென்னவோ சந்தோஷமாக இல்லை. சோதனை இல்லையென்றால் "படியுங்கோ" என்று சொல்லவும் ஆளில்லை. பேரப்பிள்ளையும் தொலைக்காட்சியுமாகப் பத்து வருஷம் ஓடிவிடும்.

புதிதாக வந்தவர்களுக்கு மொழி கற்பிக்க மத்திய அரசு 1992இல் தொடங்கிய 'லிங்க்' (LINC) வகுப்பு இலவசம், நல்ல வகுப்பும்கூட. ஆனால் குடியுரிமை எடுத்தவருக்கு அதில் இடமில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, தொழிற்சாலையில் இரண்டு வேலை செய்து, குடும்பத்தைக் கூப்பிட்டவர்கள் படிப்பைத் தள்ளிப்போட்டார்கள். ஓய்வு கிடைத்தபோது அவர்கள் கையில் கனடாக் கடவுச்சீட்டு!

இங்கேதான் நூலகம் வருகிறது. ரொறொன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள். அங்கே நடக்கும் ஆங்கில உரையாடல் வட்டத்தில் பரீட்சை கிடையாது, தரம் பிரிப்பதும் கிடையாது. தொண்டர் ஒருவர் பேச்சைத் தொடக்கிவிடுவார், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு சீனத்துத் தாத்தா, எதிரே ஓர் ஆப்கானிஸ்தான் அம்மா. மூன்று பேரின் ஆங்கிலமும் உடைசல்தான். ஆகவே வெட்கமில்லை. நம்மவருக்கு மருமகள் முன்னால் பிழைவிடத்தான் வெட்கம். வேற்று மனிதர் முன்னால் இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. டொக்டரிடம் மகன் பேசுகிறான், வங்கியில் மகள் பேசுகிறாள். அம்மாவிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று யார் கேட்கிறார்கள்? அந்த வட்டத்தில் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டுப் பழகியவர்தான் மாடிக்கட்டட வாடகைக்காரர் கூட்டத்தில், வெப்பம் வரவில்லை என்று தானே எழுந்து சொல்வார். மாநகர சபைக் குழுவிலும் எந்தக் குடியிருப்பாளரும் பெயர் பதிந்து பேசலாம். நம் முதியவர் எத்தனை பேர் போயிருக்கிறார்கள்?

புத்தகம் பிந்தினால் தண்டம் என்று பயந்தவர்களுக்கு: அதை 2022இல் எடுத்துவிட்டார்கள். தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன.

குறையும் சொல்லவேண்டும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் நேரத்தில் வட்டம் வைத்தால் அம்மம்மா எப்படி வருவார்? காலையில் வையுங்கள் என்று கிளையில் நாம்தான் கேட்கவேண்டும், கும்பலாகப் போய்.

பின்மேசையில் கிளைகளின் நேர அட்டவணை வைத்திருக்கிறேன். கார் ஓட்டும் மருமக்கள் வந்திருந்தால் அவர்களும் ஒன்று எடுத்துக்கொள்ளட்டும்.