சிங்குக்குக் கீழே இருந்த பலகை

வணக்கம் மக்களே. என் கையில் இருப்பது எங்கள் சமையலறை சிங்குக்குக் கீழே இருந்த அலமாரியின் அடிப்பலகை. கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், ஓரத்தைப் பாருங்கள். 18 மில்லிமீட்டர் பலகை. இந்த மூலையில் ஸ்கேல் வைத்தால் 25 காட்டுகிறது. நகம் பட்டாலே ஊறின பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. குழாய் சொட்டியதை மூன்று நாள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பில்லில் "எஞ்சினியர்டு வுட்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் அந்தச் சொல்மேல்தான். ப்ளைவுட்டுக்கும் அதே பெயர், மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃபுக்கும் அதே பெயர், பார்ட்டிகிள் போர்டுக்கும் அதே பெயர். மரத்தை ஏடாக உரித்தாலும், நாராக்கினாலும், சில்லுகளாக நொறுக்கினாலும், பசை சேர்த்து அழுத்திவிட்டால் எல்லாம் எஞ்சினியர்டு வுட்தான். எனக்கு வந்தது சில்லு, அதாவது பார்ட்டிகிள் போர்டு.

அப்பா பார்த்ததும், "அப்பவே தேக்கு போடச் சொன்னேன்ல" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வைரம் பாய்ந்த தேக்கு நனைந்தாலும் காய்ந்துவிடும், கீறல் விழுந்தால் இழைத்துப் பாலிஷ் போடலாம். வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதி, அதிகமுள்ள தேக்கு என்றால் கரையானுக்கு விருந்து, அது வேறு கதை.

ஆனால் கட்டை மரம், அதாவது ஒட்டுப்பலகை இல்லாமல் அப்படியே அறுத்த மரம், சும்மா இருக்காது. ஐப்பசி மழையில் வாசல் கதவு பிடித்துக்கொள்ளும், பங்குனி வெயிலில் தானாகவே விட்டுவிடும், கவனித்திருப்பீர்கள். ஈரம் ஏறினால் மரம் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதனால்தான் பழைய கதவுகளில் நடுப்பலகையைப் பசை போட்டு ஒட்டாமல், சட்டத்தின் காடிக்குள் அசைய இடம்விட்டுச் செருகியிருப்பார்கள். அந்த வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆசாரிமார் மேல் மரியாதை கூடும்.

ப்ளைவுட் அதே சிக்கலை வேறு மாதிரி தீர்க்கிறது. இந்தத் துண்டின் ஓரத்தை எண்ணுங்கள், 13 ஏடு. ஒன்றின் ரேகை நீளவாக்கில் ஓடினால் அடுத்தது குறுக்கே ஓடும். ஒரு ஏடு உப்பப் பார்த்தால் பக்கத்து ஏடு இழுத்துப் பிடிக்கும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பது இரண்டு பக்க இழுப்பும் சமமாக இருக்கத்தான். எட்டுக்கு நாலு அடியில் வளையாத ஒரே பலகை கட்டை மரத்தில் கிடைக்காது.

ஏடுகளுக்கு நடுவே பழுப்புக் கோடு தெரிகிறதா? பீனால் பசை. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு இதுதான் வேண்டும். சாதா ப்ளைவுட்டில் இருக்கும் யூரியா பசை தொடர்ந்து ஈரம் பட்டால் விட்டுவிடும். கடையில் ஐஎஸ் 710 முத்திரை, அதாவது தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரை, இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள்.

எம்டிஎஃப் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹாலில் பெயின்ட் அடிக்கிற கதவுக்கு அது வழவழப்பாக வரும். ஓரத்தில் ஸ்க்ரூ இறக்கும்போது மட்டும் பிளக்கும், முதலில் துளை போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, புதுப் பலகை அதோ சுவரில் சாய்ந்திருக்கிறது. நாலு ஓரத்துக்கும், குழாய்க்கு வெட்டின ஓட்டையின் உள்விளிம்புக்கும் காலையில்தான் ப்ரைமர் அடித்தேன். காய்ந்ததும் ஆசாரி அண்ணன் வந்து மாட்டுவார்.