முன்னூறு வீரர்களும் ஒரு ராணியும்: ரெண்டு படம் பத்திக் கொஞ்சம் பேசுவோம்

வணக்கம் நேயர்களே. பினாங்குல இருந்து பேசுறேன், கூப்பிட்ட நிலையத்தாருக்கு நன்றி. பழங்காலப் போர்ப் படம்னா எனக்கு சாப்பாடு தூக்கம் ரெண்டும் மறந்துடும், அதனால இன்னிக்கு ரொம்ப நாளா மனசுல கிடக்குற ஒரு விஷயத்த பேசிடுறேன்.

"300" படம் ஞாபகம் இருக்கும், 2007-ல வந்துச்சு, ஸாக் ஸ்னைடர் எடுத்தது, கிரேக்க நாட்டு ஸ்பார்ட்டா ஊரு ராஜா லியோனிடாஸ் கூட சிவப்பு சால்வைய போட்டுகிட்டு கேடயமும் ஈட்டியுமா ஒரு கூட்டம் நிக்குமே, அதான். அதோட ரெண்டாம் பாகம் "ரைஸ் ஆஃப் ஆன் எம்பயர்" 2014-ல வந்துச்சு, டைரக்டர் வேற ஆளு, நோம் முர்ரோ. மாமாக் கடையில உட்கார்ந்து இந்தப் பேச்ச எடுத்தாலே போதும், "ரெண்டாவது வேஸ்ட் அண்ணே, லியோனிடாஸ் இல்லல்ல"ன்னு பசங்க சொல்லிடுவாங்க. ஹீரோ மாறினது பெரிய குறைன்னு எனக்குப் படல. குறை வேற எடத்துல இருக்கு.

முதல் படத்துல எல்லாமே ஒரே எடம். கி.மு. 480, கிரேக்கத்துல தெர்மோபிலேங்கிற எடம், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவுல சந்து. எதிரி பெர்சியாக்காரங்க, அதான் பழைய ஈரான்காரங்க, எத்தன லட்சம் பேரா வந்தாலும் அந்த சந்துக்குள்ள ஒரு நேரத்துல கொஞ்சம் பேருதான் நுழைய முடியும். இத லியோனிடாஸ் ஆரம்பத்துலயே சொல்லிடுறாரு, நமக்கும் புரிஞ்சிடுது, அப்புறம் படம் பூரா யாரு எங்க நிக்கிறாங்கங்கிற குழப்பமே வர்றதில்ல. முதல் மோதல் காட்சிய நினைச்சுப் பாருங்க, கேடயமும் கேடயமும் முட்டுது, ஸ்பார்ட்டாக்காரங்க கால் மண்ணுல சறுக்கிப் பின்னால போகுது, போயி நின்னுடுது, அங்கிருந்து திருப்பித் தள்ளுறாங்க. அந்தப் பாதத்த காட்டினாங்க பாருங்க, அதுதான் சினிமா.

ரெண்டாவது படம் கடலுக்குப் போகுது. இதுல ஒண்ணு கவனிக்கணும், கதை முதல் படத்துக்கு அப்புறம் மட்டும் நடக்கல, முன்னாடியும் அதே நாட்கள்லயும் நடக்குது. லியோனிடாஸ் சந்துல நிக்கிற அதே நேரம் பக்கத்துக் கடல்ல, ஆர்டிமீசியம்ங்கிற எடத்துல, இந்தப் படத்து ஹீரோ, அதென்ஸ் ஊரு தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் கப்பல்கள வச்சு சண்டை போடுறாரு. கிரேக்கக் கப்பலுங்க வட்டமா நின்னு மூக்க வெளிப்பக்கம் திருப்பிக்கிற காட்சி வருமே, அது கற்பனை இல்ல, அந்தக் காலத்து கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வச்சதுதான். அத பார்த்தப்போ சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் பாருங்க, ஒரே இருட்டு, நெருப்பு, ரத்தம் தெறிக்குது, எந்தக் கப்பல் யாரோடதுன்னே தெரியல, கடைசியில ஹீரோ கப்பல் மேல குதிரையில வேற போறாரு. அந்த எடத்துல எனக்கு மனசு விட்டுப்போச்சு.

ஏன்னா அந்தக் காலத்துப் போர்க்கப்பலே ஒரு ஆயுதம். மூணு அடுக்கா 170 பேரு துடுப்பு போடணும், முன்னால வெண்கல மூக்கு, அத கொண்டு போயி எதிரிக் கப்பலோட விலாவுல குத்தணும். தெலுக் பஹாங்ல டிராகன் படகுப் போட்டி பார்த்தவங்களுக்குத் தெரியும், ஒருத்தர் கை தப்பினா படகே தடுமாறும், அத மூணு அடுக்குல வச்சு யோசிங்க. அதென்ஸ்ல அத தள்ளினவங்கள்ல நிறைய பேரு ஏழைப்பட்ட குடிமக்கள். லாரியம் சுரங்கத்துல வந்த வெள்ளிய ஆளாளுக்குப் பங்கு போடாம கப்பல் கட்டுங்கன்னு தெமிஸ்டோக்ளிஸ் ஊரையே சம்மதிக்க வச்சாரு, அதுல வந்ததுதான் இந்தக் கப்பலுங்க. இத கதையோட நெஞ்சுல வச்சிருக்கணும்.

சரி, ரெண்டாவது படத்து வில்லி ஆர்டிமீசியாவுக்கு வர்றேன், இவங்களப் பத்திப் பேசாம விட முடியாது. ஈவா கிரீன் நடிச்சிருக்காங்க, ரெண்டாவது படத்த தாங்கிப் பிடிக்கிறதே அவங்கதான், நடிப்புல முதல் படத்துல கூட இப்படி ஒரு வில்லன் இல்ல. ஆனா அவங்க குடும்பத்த கிரேக்கர்கள் கொன்னுட்டாங்க, பழிவாங்க வந்தாங்கன்னு ஒரு கதை கட்டிட்டாங்க. நெசத்துல அவங்க பெர்சியா பக்கம் நின்ன ஹாலிகர்னாசஸ் ஊரு ராணி, புருஷன் போனப்புறம் தானே ஆட்சி பண்ணினவங்க, வளர்ந்த பையன் இருந்தும் அஞ்சு கப்பலோட தானே சண்டைக்கு வந்தவங்க. அதென்ஸ் பக்கத்துல இருக்கிற சலாமிஸ் தீவுல கடல் சண்டை வேணாம்னு பெர்சியாவோட ஜெர்க்ஸஸ் ராஜாவுக்கு புத்தி சொன்னதும் இந்த அம்மாதான், கேக்கல அவரு. சண்டையில தோத்துகிட்டு இருக்கிறப்போ பின்னால அதென்ஸ் கப்பல் ஒண்ணு தொரத்துது, முன்னால சொந்தக் கட்சிக் கப்பலுங்க வழிய அடைச்சு நிக்குது. என்ன பண்ணினாங்க தெரியுமா, தன் கட்சிக் கப்பலையே இடிச்சு முழுகடிச்சிட்டாங்க! தொரத்தினவன் ஓ இது நம்ம ஆளு போலன்னு திரும்பிட்டான். கரையில உட்கார்ந்து பார்த்த ஜெர்க்ஸஸ், எதிரிக் கப்பலத்தான் சாய்ச்சாங்கன்னு நம்பி, என் ஆம்பளைங்க பொம்பளை ஆயிட்டாங்க, பொம்பளைங்க ஆம்பளை ஆயிட்டாங்கன்னு சொன்னதா ஹெரோடோட்டஸ் எழுதுறாரு. முழுகின கப்பல்ல ஒருத்தரும் பிழைக்கல, அதனால சாட்சியும் இல்ல. இவங்கள உயிரோட பிடிச்சா பத்தாயிரம் டிராக்மா காசு பரிசுன்னு அதென்ஸ்காரங்க அறிவிச்சிருந்தாங்க, சிக்கவே இல்ல. படத்துல என்ன பண்றாங்க? ஹீரோ கையால சாகடிச்சிடுறாங்க. இப்படி ஒரு காட்சிய எவனாவது விடுவானா நேயர்களே, கப்பலோட கப்பல் இடிக்கிற காட்சி, படத்துக்குன்னே எழுதி வச்ச மாதிரி இருக்கே!

தங்கச்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, நேரம் ஆயிடுச்சு. இசையப் பத்தி சொல்லணும்னு இருந்தேன், டைலர் பேட்ஸ் முதல் படத்துக்கு, ரெண்டாவதுக்கு ஜங்கி எக்ஸ்எல், ரெண்டையும் காது கொடுத்துக் கேளுங்க. அப்புறம் பெர்சியர்கள ரெண்டு படமும் காட்டின விதம் தப்பு, ஈரான்ல எதிர்ப்பே வந்துச்சு, அது தனியா பேச வேண்டியது. தெர்மோபிலேல கடைசி வரைக்கும் கூட நின்ன தெஸ்பியா ஊர்க்காரங்க 700 பேரு, அவங்களையும் விட்டுட்டாங்க. வாரக் கடைசியில பார்க்கறவங்க பிள்ளைங்கள தூங்க வச்சிட்டுப் பாருங்க, வெட்டுக்குத்து ரெண்டுலயும் அதிகம். நன்றி, வணக்கம்.