நீலத் திரைக்குப் பின்னால் ஒரு ஃபெரி

வணக்கம் நண்பர்களே. மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயிலிருந்து பேசுகிறேன். வெளியே மழை கொட்டுகிறது, தகரத்தில் விழும் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் போவதற்குள் இதைக் காட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மேசை மேல் இரண்டு படங்கள் இருக்கின்றன. கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். தெரிகிறதா?

முதல் படம் எங்கள் தாத்தா. சாமி அறையில் மாட்டியிருப்பது. சட்டம் போட்டது, கண்ணாடி மேல் சந்தனம், குங்குமம். நெஞ்சு வரைக்கும்தான் இருக்கிறார். பின்னால் நீலத் திரை. நான் பிறந்ததிலிருந்து பார்த்துக் கும்பிட்ட படம். ஏதோ ஸ்டூடியோவில் போய் நின்று எடுத்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றே ஒன்று மட்டும் சின்ன வயதிலிருந்து உறுத்தும். இங்கே பாருங்கள், நெற்றிக்கு மேலே ஒரு கற்றை முடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. காற்றில் பறக்கிற முடி. ஸ்டூடியோவுக்குள் ஏது அவ்வளவு காற்று?

போன மாதம் பெரியம்மா வீட்டில் பழைய ஆல்பத்தைப் புரட்டினேன். அதில் இருந்தது இந்த இரண்டாவது படம். உள்ளங்கை அளவு. அதே முகம், வெயிலுக்குச் சுருக்கிய அதே கண், அதே கற்றை முடி. பக்கத்தில் பாட்டி, கையில் சொம்பு. பெரியம்மா சின்னப் பெண்ணாக, மஞ்சள் பாவாடையில். பின்னால் இரும்புக் கம்பித் தடுப்பு, அதற்கு அப்பால் கடல்.

"பெரியம்மா, இது ஃபெரிதானே?" என்று கேட்டேன்.

"ஆமாப்பா. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனப்ப எடுத்தது. அப்பாவுக்குன்னு தனியா ஒரு படம்கூட இல்ல. அவர் தவறினப்ப இதத்தான் ஸ்டூடியோவுல கொண்டுபோய்க் கொடுத்தோம். தலைய மட்டும் எடுத்துப் பெருசு பண்ணி, பின்னால நீலம் பூசிக் கொடுத்தாங்க."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது வருடமாக எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு ஃபெரி இருந்திருக்கிறது, அதை நீலப் பெயின்ட் மூடிவைத்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். அதனால்தான் இந்த வீடியோ.

சின்னப் பிள்ளைகளும் பார்ப்பீர்கள் என்பதால் ஃபெரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் நடுவே ஓடிய படகு. 1894-ல் குவா பெங் கீ என்ற வணிகர் தொடங்கிய சேவை. 1985-ல் பாலம் திறக்கும் வரை தீவுக்குக் காரில் போவதென்றாலும் ஃபெரியில் ஏறித்தான் போக வேண்டும். கீழே வண்டிகள், மேல் தட்டில் ஆட்கள். கால் மணி, இருபது நிமிடப் பயணம். கடைசிக் காலத்தில் ஆளுக்கு 1 வெள்ளி 20 காசு, அதுவும் தீவுக்குப் போகும்போது மட்டும்தான். திரும்பி வரக் காசு கிடையாது. 2020 முடிவோடு கார் ஏற்றிப்போன அந்தச் சேவை நின்றுபோனது. 2023 ஆகஸ்டில் புதிய படகுகள் நான்கு வந்தன. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் அதில் போகலாம். நல்ல வசதியான படகுகள்தான், நானும் போயிருக்கிறேன். ஆனால் அந்தத் திறந்த மேல் தட்டும் முகத்தில் அடிக்கும் காற்றும் இனி படத்தில்தான்.

இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்துச் சனங்களுக்கு ஃபெரி என்றால் திருவிழா. தைப்பூசத்துக்கு முதல் நாளே லாரி பிடித்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பட்டர்வொர்த் போய் இறங்கி, ஃபெரி ஏறி, அங்கிருந்து தண்ணீர்மலை. வருடத்தில் ஒரு நாள் கடலைப் பார்ப்பார்கள். அதனால் கேமரா வைத்திருந்த யாராவது ஒருவர் இருந்தால் அங்கேதான் படம் எடுப்பார்கள். லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, வாசலில் எடுத்த படத்தைவிட ஃபெரியில் எடுத்த படம் நம் வீடுகளில் அதிகம் இருக்கும். நான் இதுவரை பார்த்த ஒன்பது ஆல்பத்தில் ஏழில் இருந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பட்டது. அஞ்சலட்டையிலும் பத்திரிகையிலும் வந்த ஃபெரி படங்கள் பெரும்பாலும் கரையிலிருந்து எடுத்தவை. முழுப் படகும் தெரியும், அழகாக இருக்கும். உள்ளே உட்கார்ந்து போனவர்களுக்கு அது எப்படி இருந்தது? பெஞ்சு எப்படி, கம்பி எவ்வளவு உயரம், மிதவை வளையம் எங்கே தொங்கியது, மக்கள் மூட்டையை எங்கே வைத்தார்கள்? அது நம் ஆல்பங்களில் இருக்கிறது. நாம் அதை ஃபெரி படம் என்று சொல்வதே இல்லை. 'தாத்தா படம்', 'மாமா கல்யாணத்துக்கு முன்னால எடுத்தது' என்று சொல்கிறோம். தாத்தா போனால் படமும் போய்விடும்.

போய்க்கொண்டும் இருக்கிறது. தோட்டம் விற்று, ரப்பர் வெட்டி, செம்பனை போட்டு, அப்புறம் வீடு கட்ட என்று மாறியபோது லயத்திலிருந்து தாமான் எனும் புதுக் குடியிருப்பு வீடுகளுக்கு எத்தனை குடும்பம் சாமான் ஏற்றியது! அந்த லாரியில் பீரோ வந்தது, ஆல்பம் வரவில்லை. பெரியம்மாவே மூன்று ஆல்பத்தில் ஒன்றைத்தான் காப்பாற்றினார்.

சரி, படத்தை இன்னும் கிட்டே காட்டுகிறேன். தாத்தாவின் முழங்கைக்குப் பின்னால் வெள்ளை வளையம் ஒன்று தெரிகிறதா? மிதவை வளையம். அதில் எழுத்து இருக்கிறது. கண்ணுக்குக் கறுப்புக் கோடு மாதிரிதான் தெரிந்தது. ஸ்கேன் எடுத்துப் பெரிதாக்கியதும் ரூமி எழுத்தில், அதாவது மலாயை எழுதும் ஆங்கில எழுத்தில், 'லங்' வரை படித்துவிட்டேன். மீதி தாத்தாவின் சட்டைக்குப் பின்னால். அந்தப் படகுகள் பலவற்றுக்குத் தீவுகளின் பெயர்தான்: பூலாவ் ரிமாவ், பூலாவ் அங்சா, பூலாவ் தாலாங் தாலாங், பூலாவ் லங்காவி. அப்படியானால் இது பூலாவ் லங்காவியாக இருக்க வேண்டும். இந்த மூலையில், தீவுப் பக்கம், சாம்பலாக உயர்ந்து நிற்பது கொம்தார், இன்னும் கட்டி முடியாமல். 65 மாடிக் கோபுரம் 80-களின் நடுவில்தான் முழுசாக எழுந்தது. ஆக அதற்குக் கொஞ்சம் முந்திய தைப்பூசம். தேதி எழுதாத படத்துக்குப் பின்னணி தேதி சொல்கிறது பாருங்கள். ஸ்டூடியோக்காரர் நீலம் பூசியபோது இதெல்லாம் மறைந்துவிட்டது. அவர் மேல் தப்பில்லை, குடும்பம் கேட்டதை அவர் செய்தார். இனி நாம் அதைச் செய்யாமல் இருந்தால் போதும். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வாட்சப்பில் போடுகிறீர்களே, போடுங்கள். முழுப் படத்தையும் ஒரு இடத்தில் வைத்துவிட்டு வெட்டுங்கள்.

இப்போது ஆல்பம். இது ஒட்டுகிற வகை. அட்டையில் பசைக் கோடுகள், மேலே பிளாஸ்டிக் தாள். 70, 80-களில் எல்லார் வீட்டிலும் இதுதான். பார்க்க வசதி, படத்துக்கு எமன். பசை பழுத்து மஞ்சளாகி, பின்பக்கம் வழியாகப் படத்தைத் தின்னும். மேல் தாள் பிவிசி வகைப் பிளாஸ்டிக் என்றால் அதுவும் சேர்ந்து கெடுக்கும்.

பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தால் மூலையைக் கிளப்பினால் படம் மடிந்து, மேல் பூச்சு வெடித்துக் கோடு விழும். பல் இடுக்கில் விடுவோமே, டெண்டல் ஃப்ளாஸ், மெழுகு பூசாதது, அதை ஒரு முழம் எடுங்கள். படத்தின் மூலைக்குக் கீழே விட்டு, இரண்டு கையாலும் பிடித்து, மரம் அறுக்கிற மாதிரி மெதுவாக இப்படியும் அப்படியும். இதோ, கேளுங்கள்... அந்தச் 'சர்ர்' சத்தம், பசை விடுகிறது. இந்த ஒரு படத்துக்கு எனக்கு இருபது நிமிடம் ஆனது. வராத படத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் தடவாதீர்கள், சூடு காட்டாதீர்கள்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படமும் அப்படித்தான். சாமி அறைப் படங்களில் இது நிறைய நடக்கும். கண்ணாடியில் சந்தனம் வைப்போம், ஈரம் ஓரத்தில் இறங்கும், படத்தின் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் எடுங்கள். என் வேண்டுகோள் ஒன்று: கும்பிடுவதற்கு நகல் போதும். நகலுக்குச் சந்தனம் வையுங்கள், மாலை போடுங்கள், விளக்கு ஏற்றுங்கள். மூலப்படம் விளக்குப் புகையில்லாத இடத்தில் இருக்கட்டும். பெரியம்மாவிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். "அப்பா ரெண்டு எடத்துல இருப்பாரு, நல்லதுதானே" என்று சொல்லிவிட்டார்.

ஸ்கேன் பற்றி. முதல் தடவை நானே செய்யத் தெரியாமல் ஒரு கடையில் கொடுத்தேன். வெள்ளை ஓரத்தை வெட்டி, நிறத்தை இயந்திரமே சரிசெய்து, சின்ன ஜேபெக் கோப்பாகக் கொடுத்தார்கள். பெரியம்மாவின் மஞ்சள் பாவாடை பச்சையாக வந்தது. மிதவை வளையத்து எழுத்து மொத்தமாகக் காணோம். மனசு விட்டுப்போய்விட்டது. நல்ல வேளையாக மூலப்படம் கையில் இருந்தது. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது என்று மூலத்தைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் பழைய ஸ்கேனர் ஒன்று வாங்கினேன், மூடி திறந்து படத்தைக் குப்புறப் போடுகிற வகை. 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வையுங்கள். ஐந்துக்கு மூன்றரை அங்குலப் படம் அதில் 3000-க்கு 2100 புள்ளியாக வரும். உள்ளங்கையைவிடச் சின்னதென்றால் 1200. ஜேபெக் வேண்டாம், விவரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். தானாக நிறம் திருத்தும் பட்டனை அணைத்துவிடுங்கள். படம் சிவந்திருந்தால் சிவந்தபடியே முதலில் எடுங்கள். அந்தக் காலத்துக் கலர் தாளில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் வெளுத்துவிடும், அதனால்தான் எல்லார் முகமும் செங்கல் நிறத்தில் இருக்கிறது. அதைத் திருத்துவது பிற்பாடு, நகலில். ஒன்று வீட்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று ஜொகூரில் தம்பி வீட்டில், ஒன்று இணையத்தில். வெள்ளம் வந்தாலும் மூன்றும் ஒரே நாளில் போகாது.

வெள்ளத்தில் நனைந்த படம் இருந்தால், ஒன்றன் மேல் ஒன்றாகக் காயவிடாதீர்கள், கட்டியாகிவிடும். நல்ல தண்ணீரில் அலசி, முகம் மேலே பார்க்க, நிழலில் பரப்புங்கள். அன்றைக்கு நேரமில்லையா, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் காப்பகங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

சாதாரண நாளில் நமக்கு எதிரி ஈரம்தான். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடு சர்வ சாதாரணம், படத்துக்கு ஐம்பதுக்குக் கீழே வேண்டும். காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். இதுதான் என் பெட்டி, பாருங்கள், இப்போது 44 காட்டுகிறது. பீரோவுக்கு அடியில் துணியோடு வைத்தால் ராமபாணப் பூச்சி ஓரத்தை அரித்துவிடும். அதற்குப் பயந்து அந்துருண்டையும் போடாதீர்கள், அந்த ஆவி படத்துக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் நல்லதில்லை.

இன்னொரு வகைப் படம் பற்றி மெதுவாகச் சொல்கிறேன். பட்டர்வொர்த் பக்கத்து ஃபெரி முனையத்தில் எடுத்த பழைய படம் உங்களிடம் இருக்கலாம். 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்த முனையத்தின் மேல் தளம் கூட்டத்தோடு இடிந்து விழுந்து 32 பேர் இறந்தார்கள். காயம் பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாக் கூட்டமும் அன்றைக்கு இருந்தது. அதற்கு முந்திய முனையம் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி. கட்டாயம் காப்பாற்றுங்கள். இணையத்தில் போடும் முன் படத்தில் இருக்கும் குடும்பத்தைக் கேளுங்கள். சிலருக்கு அந்த இடத்தைப் பார்க்கவே இன்னும் முடியாது.

கடைசியாகப் பின்பக்கம். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மை ஊறும். மென்மையான பென்சில், ஓரத்தில், மெல்ல. பளபளப்பான தாளில் பென்சில் பிடிக்காது, அப்போது உறையின் மேல் எழுதுங்கள். நான் எழுதியதைக் காட்டுகிறேன்: 'தைப்பூசம், 80-களின் தொடக்கம். பினாங்கு ஃபெரி, பூலாவ் லங்காவியாக இருக்கலாம். இடமிருந்து வலம்: பாட்டி, பெரியம்மா, தாத்தா.' அதோடு பெயர்களும்.

வலது ஓரத்தில், பாதி உடம்பு மட்டும், ஒருவர் கம்பியில் சாய்ந்து நிற்கிறார் பாருங்கள். தோளில் துண்டு. இவரை யாரென்று எழுதாமல் இருந்தேன். நேற்று பெரியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது லாரி ஓட்டிட்டு வந்த அண்ணன்டா. எங்களையெல்லாம் அவர்தான் கூட்டிட்டுப் போவாரு" என்றார். அவர் பிள்ளைகள் கூலிம் பக்கம் இருக்கிறார்களாம். அவரிடம் தனியாக ஒரு படமாவது இருந்ததா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை ஸ்கேனரைக் காரில் போட்டுக்கொண்டு அங்கே போகிறேன். இந்தப் படத்தின் பிரதி ஒன்றை அவர்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன், முழுப் படமாக, கடலோடு. அவர்கள் ஆல்பத்தைத் திறந்து காட்டினால் அவர்கள் வீட்டு மேசையிலேயே வைத்து ஸ்கேன் எடுப்பேன், ஒரு படமும் வாசலைத் தாண்டாது. உங்கள் வீட்டு ஆல்பத்திலும் கம்பித் தடுப்பும் கடலும் தெரிகிற படம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், அங்கேயும் அதே மாதிரி வருகிறேன்.