பார்டரில் உங்களுக்கு ஒரு ஸ்டாம்ப், பைக்குக்கு ஒரு ஸ்டாம்ப்

வணக்கம் நண்பர்களே. பைக்கோடு பார்டர் தாண்டுவது எப்படி என்று நிறைய பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், சரி, இன்றைக்கு அதைப் பேசிவிடலாம். எந்த ரூட், எந்த வண்டி என்பதெல்லாம் இப்போது வேண்டாம், பேப்பர் விஷயம் மட்டும். பார்டரில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் மாட்டுகிறார்கள்.

பாஸ்போர்ட்டில் ஸ்டாம்ப் குத்தியதும் உங்கள் வேலை முடிந்தது, ஆனால் வண்டியின் வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதற்கு கஸ்டம்ஸ் கவுண்டர். சில இடத்தில் பக்கத்து ஜன்னலாக இருக்கும், சில இடத்தில் தள்ளி ஒரு தனிக் கட்டடம், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் தேடிப் போக வேண்டும். கஸ்டம்ஸ் கணக்கில் உங்கள் பைக் நாட்டுக்குள் வருகிற ஒரு சரக்கு. திரும்ப வெளியே போய்விடும் என்று உறுதி கொடுத்தால்தான் வரி இல்லாமல் உள்ளே விடுவார்கள்.

அந்த உறுதி ஊருக்கு ஊர் மாறும். மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் பார்டரிலேயே தற்காலிக இறக்குமதி அனுமதி என்று ஒரு தாள் போட்டுத் தருவார்கள். பாகிஸ்தான், இந்தியா, எகிப்து மாதிரி நாடுகளில் கார்னெட் கேட்பார்கள். வண்டி பதிவான நாட்டின் ஆட்டோமொபைல் சங்கத்திடம் டெபாசிட்டோ பேங்க் கேரண்டியோ கொடுத்து, கிளம்புவதற்கு முன்பே வாங்க வேண்டிய புத்தகம் அது. ஒரு வருடம் செல்லும். ஒரு நாட்டுக்குள் ஒரு முறை போய் வர ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் மூன்று துண்டு. உள்ளே போகும்போது ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியே வரும்போது இன்னொன்றை. மூன்றாவது துண்டு புத்தகத்திலேயே இருக்கும், அதில் இரண்டு ஸ்டாம்பும் விழுந்திருக்க வேண்டும். உங்கள் டெபாசிட் திரும்ப வருவதே அந்தத் துண்டை வைத்துத்தான்.

அப்புறம் சேஸிஸ் நம்பர். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் அடித்திருப்பார்கள். ஹேண்டிலை முழுசாக ஒரு பக்கம் ஒடித்தால்தான் தெரியும், அதிலும் கேபிள் மறைக்கும், கிரீஸும் புழுதியும் சேர்ந்து அப்பியிருக்கும். பார்டருக்கு முன்னாலேயே நிறுத்தி ஒரு துணியால் துடைத்து வைத்துவிடுங்கள். அதிகாரி டார்ச் அடித்துப் பார்க்கும்போது ஒரே பார்வையில் படிக்க முடிந்தால் வேலை சட்டென்று முடியும். அவர் அடித்துக் கொடுக்கிற தாளை வாங்கியதும் பாக்கெட்டுக்குள் திணிக்காதீர்கள், அந்த ஜன்னல் முன்னாலேயே நின்று நம்பரை ஒவ்வொரு எழுத்தாக ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பூஜ்யத்துக்கும் ஓ எழுத்துக்கும் குழம்பி மாற்றி அடிப்பது சாதாரணமாக நடக்கும். அங்கேயே சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள், வெளியேறும் பார்டரில் போய்ச் சொன்னால் யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்படவே வேண்டாம்.

நாள் கணக்கும் உங்களுக்கு வேறு, வண்டிக்கு வேறு. குவாத்தமாலா, எல் சல்வடோர், ஹோண்டுராஸ், நிகரகுவா நான்குக்கும் சேர்த்து ஆளுக்குப் பொதுவாக 90 நாள், ஆனால் பைக்குக்கு ஒவ்வொரு பார்டரிலும் புதுத் தாள். ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறு, ஒரே விசாவில் சுற்றக்கூடிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனில் 180 நாளில் 90 நாள்தான் நீங்கள் இருக்கலாம், வெளிநாட்டுப் பதிவு வண்டிக்கோ பொதுவாக 6 மாதம். அதனால் விசா தேதியை மட்டும் பார்த்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள்.

இன்சூரன்ஸ் பெரிய விஷயமில்லை, கிரீன் கார்டு, அதாவது பல நாடுகளில் செல்லும் வண்டி இன்சூரன்ஸ் சான்று, செல்லுகிற நாடு என்றால் அது போதும், மற்ற இடங்களில் பெரும்பாலும் பார்டரிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஆர்சி வேறு ஒருவர் பெயரில் இருந்தால் அவருடைய ஒப்புதல் கடிதத்தை நோட்டரி கையெழுத்தோடு வாங்கி வையுங்கள்.

வெளியே வரும் பார்டர்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். உள்ளே போகும்போது நிறுத்திக் கேட்கிறவர்கள் வெளியே போகும்போது கையசைத்து அனுப்பிவிடுவார்கள், சந்தோஷமாகப் போய்விடாதீர்கள். வண்டிக்கு எக்ஸிட் ஸ்டாம்ப் விழவில்லை என்றால், அதை அந்த நாட்டிலேயே விற்றுவிட்டீர்கள் என்றுதான் கணக்கு, முழு வரியும் கேட்பார்கள். கார்னெட்டில் அந்த ஸ்டாம்ப் விட்டுப்போனால் ஒரு வழி உண்டு: புத்தகத்தில் இருப்பிடச் சான்றிதழ் என்று ஒரு பக்கம் உண்டு, அடுத்த நாட்டு கஸ்டம்ஸிலோ தூதரகத்திலோ வண்டியை நேரில் காட்டி அதில் கையெழுத்து வாங்க வேண்டும், அதையும் தள்ளிப்போடாமல் உடனே செய்துவிடுங்கள்.