ரைட்டர் மேசையில் தொடங்கும் சீர்திருத்தம்

அவையோருக்கு வணக்கம்.

குற்றத்தைக் குறைப்பது பற்றிப் பேச்செடுத்தால் ரோந்து வண்டி, கேமரா, புதுப் படை என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். புகாரை எழுதிப் பதியும் ஸ்டேஷன் ரைட்டரின் மேசையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

நம் மதுரை மேலூர் ரோட்டில் ஒரு பெண்ணின் செயினை அறுத்துக்கொண்டு பைக்கில் பறக்கிறார்கள். அவர் மாட்டுத்தாவணிப் பக்கம் ஓடினால், "அது ரூரல் லிமிட்டும்மா, ஒத்தக்கடைக்குப் போங்க." ஒத்தக்கடையில், "இது சிட்டி கேஸுல்ல?" இந்த அலைச்சலில் கரைவது, செக்போஸ்டுகளை உஷார்ப்படுத்த வேண்டிய நேரம்.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் புகாரைப் பதிய வேண்டும். மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையான எஃப்.ஐ.ஆரின் நகல் இலவசம்.

நம் ஊரில் பலர் கையில் கிடைப்பதோ சி.எஸ்.ஆர். ரசீது. 'கேஸ் போட்டாச்சு' என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது மனு வந்து சேர்ந்ததற்கான சீட்டு, அவ்வளவுதான். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். அந்தக் கெடு முடிந்த பிறகும் வெறும் ரசீதோடு அலையவிட்டால் அது தவறு.

புகாரில் பொருளின் மதிப்பை எழுதத் தவறாதீர்கள். 5,000 ரூபாய்க்குக் குறைந்த சாதாரணத் திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. பில், செல்போனின் ஐ.எம்.இ.ஐ. எண், நகையின் எடை எல்லாம் முதல் தாளிலேயே இருக்கட்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேரே மாஜிஸ்திரேட்டிடம் போனவரின் மனு அங்கே நிற்காது.

ஏன் மறுக்கிறார்கள்? எல்லாமே சோம்பல் இல்லை. வழக்கு எண்ணிக்கை ஏறினால் இன்ஸ்பெக்டர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது; புகாரைத் திருப்பி அனுப்பியவரை யாரும் கேட்பதில்லை. எத்தனை சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். ஆனது, எத்தனை நாளில் குற்றப்பத்திரிகை போனது, எவ்வளவு நகை திரும்ப வந்தது என்பதை வைத்து அரசு எடை போடட்டும். முதல் ஆண்டு புள்ளிவிவரம் ஏறத்தான் செய்யும். அதைத் தாங்கிக்கொள்ளும் துணிச்சல் அரசுக்கு வேண்டும்.

ஆள் பற்றாக்குறையும் மெய். விசாரணைக்கான போலீஸையும் சட்டம் ஒழுங்குக்கான போலீஸையும் பிரிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22-இல், போலீஸ் சீர்திருத்தம் பற்றிய பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது. 10 லட்சம் மக்கள் உள்ள நகரங்களில் தொடங்கச் சொன்னது. 2011 கணக்கெடுப்பிலேயே மதுரை அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. பலகையில் 'குற்றப்பிரிவு' என்று தனியாக எழுதினால் போதாது. சித்திரைத் திருவிழாவுக்கும் வி.ஐ.பி. வருகைக்கும் அந்த ஆட்களையே பந்தோபஸ்துக்கு இழுத்தால் கேஸ் கட்டு தூங்கும்.

பதிவில்லாத விசாரணையின் கொடுமையை நம் சுற்றுவட்டாரம் கண்டிருக்கிறது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணாமல் போன புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி உயிரோடு திரும்பவில்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த பிறகு, ஸ்டேஷன் கேமராவைப் பார்த்த மாஜிஸ்திரேட், 1 டெராபைட் இடம் இருந்தும் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அறிக்கையில் எழுதினார்.

அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன் கேமரா பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. கண்காணிக்க மாவட்டக் குழுவையும் அமைக்கச் சொன்னது. அதில் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் இடம் உண்டு. மதுரையில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, எந்த ஸ்டேஷனில் எத்தனை நாள் பதிவு இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவின் நகல் வாசலில் இருக்கிறது; போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.